மார்ட்டென் கவுன்ட்டியின் ஆட்சேபணை

குளிர் உச்சத்தில் இருக்கும்போது எங்கள் மார்ட்டென் கவுன்ட்டியின், அதாவது மாவட்டத்தின், சபை கூடி, மாநில அரசுக்கு ஓர் ஆட்சேபணைத் தீர்மானம் அனுப்பும். வருடா வருடம் நடக்கிற காரியம் இது. தலைநகரில் பட்ஜெட் போடுகிறவர்கள் பணம் போதாதபோது மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கடைசியில் கவுன்ட்டிகளின் மடியில்தான் கைவைப்பார்கள். சாலைக்குத் தருவதைக் குறைப்பார்கள்; ஆனால் சாலையில் பனி தள்ள வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆதரவற்ற பிள்ளைகளுக்குத் தருவதைக் குறைப்பார்கள். பிள்ளைகளைக் கவனிக்காமல் விட்டால் வழக்குப் போடுவார்கள். வேலையும் உங்களுடையது, செலவும் உங்களுடையது, சட்டம் மட்டும் எங்களுடையது என்பது அவர்கள் நியாயம்.

எங்கள் ஆட்கள் கொதித்துப் போவார்கள். ஆனால் எங்கள் ஊர்க் கொதிப்புக்கு ஆவி வராது. தீர்மானத்தில் 'வன்மையாகக் கண்டிக்கிறோம்' என்று எழுதலாமா, 'மரியாதையுடன் ஆட்சேபிக்கிறோம்' என்று எழுதலாமா என்று வெகுநேரம் பேசுவார்கள். மரியாதைதான் ஜெயிக்கும். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறும். பிறகு எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய், இருக்கிற பணத்தில் எப்படியாவது ஒப்பேற்ற வழி தேடுவார்கள். தேடிக் கண்டுபிடித்தும் விடுவார்கள். அதுதான் எங்களைப் பிடித்த சனியன்.

அந்த வருடம் அரசு கைவைத்தது கவுன்ட்டி இல்லத்தில். தாமாக எழுந்து நடமாட முடியாத முதியவர்களும் பக்கவாதம் வந்தவர்களும் இருக்கும் இடம். பண்ணையில் உழைத்தவர்கள், மரம் வெட்டியவர்கள், பள்ளியில் சமைத்தவர்கள். கையில் காசு மிச்சம் வைக்காதவர்கள் என்பதால் அவர்களுக்கான செலவைப் பெரும்பாலும் மாநிலம்தான் தர வேண்டும். அந்தத் தொகையில் பெரிய துண்டாக வெட்டுவது என்று பேச்சு வந்தது. அப்படி வெட்டினால் கோடைக்குள் இல்லத்தை மூட வேண்டியதுதான் என்று கவுன்ட்டி நிர்வாகி டேல் கோவால்கே சபையில் சொன்னான். அடுத்த இல்லம் தெற்கே இரண்டு மணி நேரக் கார்ப் பயணத்தில் இருந்தது. பனி கொட்டும் நாளில் எத்தனை மணி நேரம் என்பது அவரவர் விதி.

சபைத் தலைவி ஆர்டிஸ் டோர்கெல்சன் அதைக் கேட்டுக்கொண்டு சிலைபோல உட்கார்ந்திருந்தாள். வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. வாழ்நாளெல்லாம் மாடு கறந்தவள். வேறு யாரும் பேர் கொடுக்காததால் சபைக்கு வந்தவள், அதே காரணத்தால் தலைவியும் ஆனவள். அவள் கணவர் வெர்லின் அந்த இல்லத்தின் மேற்குப் பிரிவில் படுத்திருந்தார். அது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் அவள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதுதான் எங்கள் ஊரில் அனுதாபம்.

வெர்லினுக்கு வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. புத்தி மட்டும் இம்மியும் குறையவில்லை. இடது கையால் ஆர்டிஸின் விரல்களை அழுத்தினால் சரி என்று அர்த்தம். கையை உருவிக்கொண்டால் வேண்டாம் என்று அர்த்தம். அந்த ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு அவர் மனைவியோடு சண்டைகூடப் போடுவார். மாட்டுக் கொட்டகைக்கே இஸ்திரி போட்ட சட்டையில் போன மனிதர் அவர். பால் லாரிக்காரன் முன்னால்கூட முகம் மழிக்காமல் நின்றதில்லை. இத்தனை வருடத் தாம்பத்தியத்தில் அவர் குளியலறைக் கதவைத் திறந்து வைத்து ஆர்டிஸ் பார்த்ததே கிடையாது.

இல்லத்துக்கு வந்த பிறகும் அந்தக் கதவை அவர் விடவில்லை. உடம்பு துடைப்பதும் துணி மாற்றுவதும் டாரீன் பெலாஞ்சர் என்ற பணிப்பெண் ஒருத்தியின் கையால்தான். அவள் எல்லாம் முடித்து, தலை சீவி, சட்டைப் பொத்தான் போட்டு, நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்த பிறகுதான் ஆர்டிஸ் உள்ளே போவாள். சாயங்காலச் சாப்பாட்டை அவள்தான் ஊட்டுவாள். முன்னதாக வந்துவிட்டால் காரிலேயே உட்கார்ந்திருப்பாள். இதை இருவரும் பேசி முடிவு செய்யவில்லை. பேசாமலே ஏற்பட்ட ஒப்பந்தம், ஒரு நாளும் மீறப்படாதது.

இல்லம் மூடினால் அந்தத் தெற்கத்தி நகரில் அவரை ஏதோ ஒரு கட்டிலில் போடுவார்கள். ஆர்டிஸுக்குக் கண் மங்கிவிட்டது. நெடுஞ்சாலையில் ஓட்ட அனுமதி இல்லை. யாராவது கூட்டிப்போனால் மாதம் ஒருமுறை பார்க்கலாம். அங்கே இருப்பவர்களுக்கு அந்த இடது கையின் பாஷை என்ன தெரியும்? புத்தி போன கிழவன் என்று நினைத்து ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். மாநில சட்டமன்றக் குழு கருத்துக் கேட்கும் நாளில் போய்ப் பேச அவளையே சபை தேர்ந்தெடுத்தது.

கூட்டம் கலைந்த பிறகு டேல் அவளிடம் வந்தான். பக்கத்துப் பண்ணையில் வளர்ந்த பையன்தான்; இப்போது முன்வழுக்கை விழுந்த நிர்வாகி. கணக்கையெல்லாம் விட்டுவிட்டு வெர்லினைப் பற்றிப் பேசும்படி அவன் கெஞ்சினான். தெற்கே மற்றவர்களெல்லாம் அப்படித்தான் பேசுவார்கள், போட்டோவே கொண்டுவருவார்கள், கண்ணீர் விடுவார்கள் என்றான்.

"வெர்லினைக் கொண்டுபோய் மைக் முன்னாடி நிறுத்த மாட்டேன்" என்றாள் ஆர்டிஸ். "அந்த மனுசன்கிட்ட மிச்சம் இருக்கறதே அந்த மானம் ஒண்ணுதான்."

டேல் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. அவனும் எங்கள் ஊர்க்காரன்தானே.

கருத்துக் கேட்கும் நாளன்று விடியுமுன் புறப்பட்டு இருவரும் தலைநகருக்குப் போனார்கள். பளபளவென்று பூட்ஸ் போட்ட ஆட்கள் வரிசையில் முன்னால் நின்றார்கள். மருத்துவமனைக்காரர்கள், கல்லூரிக்காரர்கள், இவர்களுக்காகப் பேசுவதையே தொழிலாகக் கொண்டவர்கள். ஆர்டிஸ் சர்ச்சுக்குப் போகிற நீலக் கோட்டில் மதியம் வரை காத்திருந்தாள். அவள் முறை வந்தபோது எழுதிக்கொண்டு போனதைப் பிசகாமல் வாசித்தாள். நேரம் முடிந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிவதற்குள் முடித்தும் விட்டாள். குழுத் தலைவர் செனட்டர் வின்ஸ்லேட் நரைத்த புருவமும் நல்ல குரலும் உள்ளவர். அவளைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்.

"வடக்கிலேர்ந்து இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க, மிசஸ் டோர்கெல்சன். அங்கே எல்லாரும் எப்படி இருக்கீங்க?"

வீடு பற்றி எரிந்துகொண்டிருந்தாலும் இந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் ஒரே பதில்தான். பால் குடித்த நாளிலிருந்து பழகிய பதில். யோசிப்பதற்கு முன்பே அது ஆர்டிஸின் வாயிலிருந்து வந்துவிட்டது.

"குறை ஒண்ணும் இல்லைங்க. ஓடிக்கிட்டு இருக்கு."

அறையில் சிரிப்பு எழுந்தது. செனட்டரும் சிரித்தார். சில வருடங்களுக்கு முன்பும் இதேபோலத் தொகையைக் குறைத்தோமே, அப்போதும் உங்கள் சபை ஆட்சேபித்திருக்கிறதே, இல்லத்தை மூடும்படி ஆயிற்றா என்று கேட்டார். இல்லை, சமாளித்தோம் என்றாள் ஆர்டிஸ். எப்படி என்று கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போல முன்னால் சாய்ந்து கேட்டார்.

அவள் சொன்னாள். பின்வரிசையில் டேல் இருமினான். அவள் காதில் வாங்கவில்லை. லூத்தரன் சர்ச் பெண்கள் படுக்கை விரிப்புகளைத் தைத்துத் தருவதைச் சொன்னாள். கொதிகலன் பழுதானபோது கவுன்ட்டியின் சாலைத் தொழிலாளர்கள் விடுமுறை நாளில் வந்து சரிசெய்ததைச் சொன்னாள். உருளைக்கிழங்கு போடுகிறவர்கள் மூட்டை மூட்டையாக இறக்கிவிட்டுப் போவதையும், வேட்டைக் காலத்தில் மான் இறைச்சி வந்து சேருவதையும், சபை உறுப்பினர்கள் படியே வாங்குவதில்லை என்பதையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் முகம் மலர்ந்தது. தன் ஜனங்களைப் பற்றி இவ்வளவு பேர் முன்னால் பெருமையாகப் பேச அவளுக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை. செனட்டர் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். மற்ற கவுன்ட்டிகள் உங்களிடம் பாடம் படிக்க வேண்டும் என்று சொல்லி எழுந்து கை கொடுத்தார்.

திரும்பி வரும் வழியில் பாதி தூரத்தில் பெட்ரோல் போட நிறுத்தியபோது டேல் இரண்டு காபி வாங்கி வந்து ஒன்றை அவளிடம் கொடுத்தான். காரைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தான்.

"நல்ல மனுசனாத் தெரியறார், இல்ல?" என்றாள் ஆர்டிஸ். "மரியாதையாப் பேசினார்."

"மரியாதையாத்தான் பேசினார். போர்வை தானா வருது, கிழங்கு தானா வருது, கொதிகலனும் தானா ரிப்பேர் ஆகுது. அப்புறம் நாம எதுக்கு அவர்கிட்ட காசு கேக்கறோம்?"

ஆர்டிஸ் காபியைக் குடிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். சற்று நேரம் கழித்துத்தான் அவளுக்கு முழுவதும் உறைத்தது.

"நீ இருமினியே. அது இதுக்குத்தானா?"

"பின்னே எனக்கென்ன ஜலதோசமா?"

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊர் வந்து சேரும்வரை டேல் ரேடியோவைப் போட்டு வைத்தான். அவள் அழுவது தனக்குக் கேட்கவில்லை என்று காட்டிக்கொள்ள அவனுக்குத் தெரிந்த வழி அதுதான்.

டேல் பயந்ததுதான் நடந்தது. பட்ஜெட் விவாதத்தில் செனட்டர் வின்ஸ்லேட் மார்ட்டென் கவுன்ட்டியைப் புகழ்ந்து தள்ளினார். பணத்தைக் குறைத்தால் வானம் இடிந்துவிடும் என்று மற்றவர்கள் ஓலமிடுகிறார்கள், வடக்கே ஓர் ஏழைக் கவுன்ட்டி சத்தமே போடாமல் நடத்திக்காட்டியிருக்கிறது, அவர்கள் தலைவியே வந்து சொன்னார் என்றார். அது உள்ளூர் ரேடியோவில் காலையிலும் சாயங்காலமும் வந்தது. பிற கவுன்ட்டிகளிலிருந்து டேலுக்குப் போன் செய்து, உங்கள் கிழவி எங்கள் குடியையும் சேர்த்துக் கெடுத்துவிட்டாளே என்று திட்டினார்கள்.

எங்கள் ஊரில் யாரும் அவளைத் திட்டவில்லை. அதைவிடக் கொடுமை, பாத்திரம் பாத்திரமாக ஹாட்டிஷ் கொண்டுவந்தார்கள். உருளைக்கிழங்கையும் இறைச்சியையும் சேர்த்து அடுப்பில் வேகவைத்த அந்தப் பாத்திரம் எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் போகிற பண்டம். வாசலில் நின்று குளிரைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு, பாத்திரத்தை மெதுவாகத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உன்னால்தானடி எங்கள் அம்மாவைத் தெற்கே அனுப்பப் போகிறோம் என்று ஒருத்தியாவது முகத்துக்கு நேரே கேட்க மாட்டாளா என்று ஆர்டிஸ் ஏங்கினாள். கேட்டிருந்தால் அவளுக்குப் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும். குளிர்பதனப் பெட்டி நிரம்பி வழிந்ததே தவிர ஒருவரும் கேட்கவில்லை.

வெர்லினுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவர் அறையிலும் ரேடியோ இருந்தது. அன்று சாயங்காலம் அவள் ஊட்டும்போது அவர் இடது கையை நீட்டி அவள் விரல்களைப் பற்றி அழுத்தினார். விட்டுவிட்டு மறுபடி அழுத்தினார். அந்த மன்னிப்பை அவளால் தாங்க முடியவில்லை.

பட்ஜெட் முடிவாவதற்குச் சில வாரங்கள் இருக்கையில் செனட்டரே எங்கள் ஊருக்கு வருவதாகத் தகவல் வந்தது. தான் புகழ்ந்த இல்லத்தை நேரில் பார்க்க வேண்டுமாம், அங்குள்ளவர்களோடு சாப்பிட வேண்டுமாம். கூடவே ஒரு போட்டோக்காரரும் வருவார். ஆர்டிஸுக்கு முதன்முறையாக மூச்சு வந்தது. வரட்டும், கண்ணால் பார்க்கட்டும் என்று நினைத்தாள். மேற்குப் பிரிவு முழுவதற்கும் டாரீன் ஒருத்தி ஓடுவதைப் பார்க்கட்டும், மணியை அடித்துவிட்டு ஆட்கள் காத்துக் கிடப்பதைப் பார்க்கட்டும்.

ஆனால் விருந்தாளி வருகிறார் என்றால் எங்கள் ஜனங்களுக்குக் கை சும்மா இருக்குமா? செய்தி பரவிய மறுநாளே சர்ச் பெண்கள் வாளியும் துடைப்பமுமாக வந்து இறங்கினார்கள். திரைச்சீலைகளைத் துவைத்து மாட்டினார்கள். சாலைத் தொழிலாளர்கள் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். விடுப்பில் இருக்கும் பணியாளர்கள் எல்லோரும் அன்று சம்பளம் இல்லாமல் வந்து நிற்பதாகச் சொன்னார்கள். சீருடையை இஸ்திரி போடக்கூடக் கொடுத்துவிட்டார்கள். ஆர்டிஸ் சாப்பாட்டுக் கூடத்தில் அவர்களை நிறுத்தி வைத்துப் பேசினாள். தயவுசெய்து ஒன்றும் செய்யாதீர்கள், எப்போதும் எப்படியோ அப்படியே இருக்கட்டும் என்றாள். அவர்கள் தலையாட்டினார்கள்.

"ஆனா ஆர்டிஸ், வர்றவர் அழுக்கைப் பார்க்கிற மாதிரி எப்படி விடறது?" என்றாள் சர்ச் பெண்களில் மூத்தவளான மேவிஸ். "நம்மளைப் பத்தி என்ன நினைப்பார்?"

அந்தக் கேள்வியைத்தான் அவளும் ஆயுள் முழுக்கக் கேட்டு வந்திருந்தாள். வாளியை எடுத்துக்கொண்டு அவர்கள் மறுபடி வேலையில் இறங்கினார்கள்.

செனட்டர் வந்த அன்று மத்தியானமே ஆர்டிஸ் இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். இல்லம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. மேற்குப் பிரிவில் மட்டும் ஒன்பது பேர் சீருடையில் நின்றார்கள். எலுமிச்சை சோப்பு மணத்தது. அடுப்பில் இனிப்பு வெந்துகொண்டிருந்தது. இதைப் பார்க்கிற எவன்தான் இங்கே ஆள் குறைவு என்று நம்புவான்? நாம் நம் கையாலேயே கதவை இழுத்துச் சாத்திக்கொள்கிறோம் என்று அவளுக்குப் பளிச்சென்று பட்டது. மற்றவர்கள்மேல் கோபப்படவும் முடியவில்லை. ஆரம்பித்து வைத்தவள் அவள்தான்.

அவள் டாரீனைத் தனியாகக் கூப்பிட்டாள். மற்ற எட்டுப் பேரையும் சாப்பாட்டுக் கூடத்துக்கு அனுப்பிவிடும்படி சொன்னாள். வழக்கமான நாளில் எப்படி வேலை நடக்குமோ அப்படியே நடக்கட்டும், யாருக்கும் முறை தப்பி எதுவும் செய்ய வேண்டாம் என்றாள். வெர்லினையும் அப்படியே விட்டு வைக்கச் சொன்னாள்.

டாரீன் அவளை உற்றுப் பார்த்தாள்.

"சாதாரண நாள்ல அவர் முறை கடைசியாத்தான் வரும். மத்தியானத்துலேர்ந்து காத்துக்கிட்டு இருப்பார். நனைஞ்சு போயிருக்கும்."

"தெரியும்."

"செனட்டரை அங்கே கூட்டிட்டுப் போகப் போறீங்களா? வெர்லின்கிட்ட கேட்டீங்களா?"

"கேக்கல."

"கேக்கணும் ஆர்டிஸ்."

"கேட்டா கையை உருவிக்குவார்" என்றாள் ஆர்டிஸ். "அதுக்கப்புறம் என்னால செய்ய முடியாது."

டாரீன் கையுறையை மாட்டிக்கொண்டு பிரிவின் மறுகோடிக்கு வேலையைத் தொடங்கப் போனாள்.

சாயங்காலம் செனட்டர் வந்தார், எல்லோரோடும் கை குலுக்கினார், இரண்டு தட்டுச் சாப்பிட்டார். போட்டோ எடுத்தார்கள். மேவிஸின் இனிப்பை வாயாரப் புகழ்ந்தார். அவர் மூன்றாவது கோப்பைக் காபிக்குக் கை நீட்டியபோது ஆர்டிஸ் எழுந்து வந்து, மேற்குப் பிரிவை அவர் மட்டும் வந்து பார்க்க வேண்டும், போட்டோக்காரர் இங்கேயே இருக்கட்டும் என்றாள். அவள் குரலில் என்ன இருந்ததோ, அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் நடந்தார்.

தாழ்வாரத்தில் மூன்று கதவுகளுக்கு மேல் அழைப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எங்கோ ஓர் அறையிலிருந்து டாரீனின் குரல் மட்டும் வந்தது. ஆர்டிஸ் வெர்லினின் கதவைத் தட்டாமல் திறந்தாள்.

டாரீன் வேலையை முடிக்கும் முன் அவள் அந்த அறைக்குள் போவது அதுவே முதல் தடவை. மூத்திர வாடை அடித்தது. வெர்லின் தலையணையிலிருந்து சரிந்து, ஒரு பக்கமாக மடங்கிக் கிடந்தார். மழிக்காத முகம், வாயோரத்தில் எச்சில், விலகிக் கிடந்த போர்வை. கதவு திறக்கும் சத்தம் கேட்டு டாரீன் என்று நினைத்து அவர் கண்களைத் திருப்பினார். ஆர்டிஸைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் கோட்டும் டையுமாக நின்ற அந்நியரைப் பார்த்தார். இடது கை போர்வையைத் தேடித் துழாவியது. போர்வை எட்டவில்லை.

ஆர்டிஸுக்குக் கதவைச் சாத்திவிட்டு ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் ஓடவில்லை.

"இவர் என் புருசன்" என்றாள். "அன்னைக்கு நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேட்டப்ப நான் பொய் சொன்னேன். சமாளிக்கிறோம்னு சொன்னேன். யார் சமாளிக்கறாங்கன்னு சொல்லல. இவர்தான். மத்தியானத்துலேர்ந்து இப்படிக் கிடந்து இவர்தான் சமாளிக்கறார். தினமும் இந்த நேரத்துக்கு இந்தப் பிரிவுல ஒரே ஒருத்திதான். நீங்க கூடத்துல பார்த்தவங்க எல்லாரும் உங்களுக்காக லீவுல வந்தவங்க. நாளைக்கு இருக்க மாட்டாங்க."

செனட்டர் வாசலைத் தாண்டி ஓரடி உள்ளே வந்தார்.

"இவரைப் புரட்ட ரெண்டு பேர் வேணும். எனக்குத் தோள் போயிடுச்சு. அந்தப் பக்கம் வந்து பிடிங்க."

அவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு கட்டிலின் மறுபக்கம் வந்தார். சொல்லத்தான் வேண்டும், அந்த மனிதர் முகம் சுளிக்கவில்லை. ஆர்டிஸ் சொன்ன இடத்தில் கைவைத்து, சொன்னபடி தூக்கினார். ஈரத் துணியை அவள் உருவி எடுத்தாள், துடைத்தாள், புதுத் துணி மாற்றினாள். பசுவையும் கன்றையும் குழந்தைகளையும் கழுவி வளர்த்த கைகள். இந்த உடம்பை மட்டும் இதுவரை இப்படித் தொட்டதில்லை. வெர்லினின் கண்கள் திறந்தே இருந்தன. அவை அவளைத் திட்டவில்லை, கெஞ்சவில்லை. கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டன.

வெளியே தாழ்வாரத்துக்கு வந்ததும் செனட்டர் கை கழுவிவிட்டு, அவளைப் பார்க்காமல், ஏன் இதை அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டார்.

"எங்க ஊர்ல சொல்ற வழக்கமில்ல" என்றாள் ஆர்டிஸ்.

அவர் அந்த அறையைப் பற்றி எங்கேயும் பேசவில்லை. எடுத்த போட்டோக்களையும் வெளியிடவில்லை. பட்ஜெட் கடைசி முறையாக விவாதத்துக்கு வந்தபோது இல்லங்களுக்கான வெட்டைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று அவரே ஒரு திருத்தம் கொண்டுவந்தார். தன் கட்சிக்காரர்களோடு மல்லுக்கட்டி அதை நிறைவேற்றவும் செய்தார். எங்கள் இல்லத்தில் கிழக்குப் பிரிவை மூட வேண்டியிருந்தது. அங்கிருந்தவர்கள் பெட்டி கட்டிக்கொண்டு தெற்கே போனார்கள். மேற்குப் பிரிவு பிழைத்தது. டாரீனுக்குத் துணையாக இன்னொருத்தியும் வேலைக்கு வந்தாள். டேல் ஆர்டிஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். எங்கள் ஊரில் ஆண்கள் அதை அடக்க நாளில் மட்டும்தான் செய்வார்கள்.

அவள் நேரே இல்லத்துக்குப் போனாள். வெர்லின் குளித்து, சட்டை போட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இங்கேயே இருக்கலாம், யாரும் எங்கேயும் கொண்டுபோக மாட்டார்கள் என்று அவள் குனிந்து அவர் காதருகே சொன்னாள். அவர் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். அவர் அதை உருவிக்கொண்டார்.

செனட்டர் வந்துபோன நாளிலிருந்து அவர் அவள் கையால் சாப்பிடுவதில்லை. கரண்டியைக் கொண்டுபோனால் உதட்டை இறுக மூடிக்கொள்வார். முதல் வாரம் கோபம் ஆறிவிடும் என்று நினைத்தாள். ஆறவில்லை. அது கோபம் இல்லை என்பது பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. தன்னை அப்படிப் பார்த்துவிட்ட கண்களுக்கு முன்னால் வாயைத் திறக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தை இனி எந்தச் சட்டமன்றம் கூடியும் திருத்த முடியாது.

"கேட்டிருந்தா வேண்டாம்னிருப்ப" என்றாள் அவரிடம். "அதான் கேக்கல வெர்லின். திரும்பவும் அப்படி ஒரு நாள் வந்தா, திரும்பவும் கேக்க மாட்டேன். நீ என்னோட பேசாம இங்கேயே இரு. அங்கே போய் யாரோடவும் பேச முடியாமக் கிடக்கறதுக்கு இது மேல்."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். டாரீன் தட்டோடு வாசலில் வந்து நின்றாள். ஆர்டிஸ் எழுந்து அவளுக்கு வழிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். உள்ளே கரண்டி தட்டில் படும் சத்தம் கேட்டது. அவர் சாப்பிடுகிறார். தட்டு காலியாகும் வரை அவள் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றிருந்தாள்.